கறுப்புக் குட்டி கேட்டவன்

ஊரில் அவனுக்குப் பெயர் கட்டர். பழைய லாரி, பஸ்ஸையெல்லாம் உடைத்துப் போடுகிற யார்டில் கேஸ் கட்டர் பிடிப்பது அவன் வேலை. நீலச் சுடரை வைத்தான் என்றால் எவ்வளவு தடித்த சேஸிஸ் சட்டமும் இரண்டாகப் பிரிந்து விழும். பொறி பறந்து பறந்து தோளும் மார்பும் புள்ளி புள்ளியாகச் சுட்ட தழும்பு. வேலையில் சுத்தம், அதை எதிரிகூட மறுக்க மாட்டான். எதிரிக்கும் பஞ்சமில்லை.

மற்றவர்களுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பார்கள். மூக்கு நுனியில் இருந்தால் தும்மலோடு போய்விடும். இவனுக்கு முஷ்டியில் இருந்தது. டீ ஆறிப்போச்சு என்று டீக்காரனின் நெற்றியிலேயே கிளாஸை உடைத்தவன். பஸ்ஸில் காலை மிதித்தவனைக் கழுத்தைப் பிடித்து இறக்கி, தானும் இறங்கி, நடைபாதையில் போட்டு மிதித்தவன். மிதித்து முடித்து அடுத்த பஸ்ஸுக்குக் கைகாட்டினான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். என்ன மனுஷனோ!

அவனுக்கும் ஒரு பெருமை இருந்தது. "இன்னிக்கு வரைக்கும் என் பொண்டாட்டி மேல கை வச்சதில்ல. போய்க் கேட்டுப் பாரு" என்பான். நிஜம்தான். சுவரைக் குத்துவான், கதவைப் பெயர்ப்பான், சாப்பாட்டுத் தட்டு பறக்கும், அவளைத் தொட்டதில்லை. ஆனால் சட்டையை ஆணியில் மாட்ட அவன் கையைத் தூக்கினால் போதும், அடுப்படியில் நிற்கிறவளின் தலை தோளுக்குள் போய் வரும். ஒருநாள் அதைத் தற்செயலாகப் பார்த்துவிட்டான். அதற்குப் பிறகு பார்க்காமல் இருக்க முடியவில்லை. யார்டில் அவன் பக்கத்தில் வந்தால் பேச்சு நிற்கிறது, கடையில் வரிசை விலகுகிறது, எதிர் வீட்டுக் குழந்தை அம்மாவின் காலுக்குப் பின்னால் போகிறது. இளவயதில் இதையெல்லாம் மரியாதை என்று நினைத்திருந்தான். நாற்பதைத் தாண்டியதும் அப்படி நினைக்க முடியவில்லை. தன்னைக் கண்டு சுருங்காத ஒரு உயிர் வேண்டும், ஒன்றே ஒன்று போதும் என்று தோன்றிவிட்டது. மனுஷரில் அது கிடைக்காது என்று அவனுக்கே தெரியும். அதனால்தான் நாய் வளர்க்கலாம் என்று கிளம்பினான்.

சலவைக்கடை அம்மா வீட்டு நாய் குட்டி போட்டிருந்தது. அதை வந்து சொன்னவன் அவன் மச்சான், பெண்டாட்டியின் தம்பி. தெருமுனையில் பேக்கரி வைத்திருந்தான். சாது. மாவோடு மாவாகப் பிசைந்து எடுத்த மாதிரி மெத்தென்ற ஆள், மாமா எதிரே குரலே எழும்பாது. தனக்கும் ஒரு குட்டி வேண்டும் என்று அவனும் கூடவே வந்தான்.

கடைக்குப் பின்னால், நீராவிக் குழாய் ஓடுகிற சுவரோரம், கிழிந்த போர்வைக்குள் குட்டிகள் புரண்டுகொண்டிருந்தன. தாய் முதுகெல்லாம் கருத்த பெரிய நாய். தகப்பன் பக்கத்துத் தெருச் சடைநாய், சாம்பல் நிறம். குட்டிகளோ கறுப்பு, மண் நிறம், வெள்ளை கலந்தது என்று ஆளுக்கொரு தினுசு.

"எனக்குக் கறுப்புதான் வேணும். இருட்டுல நின்னா பல்லு மட்டும் தெரியணும்" என்றான் கட்டர்.

சொல்லிவிட்டு, பக்கத்தில் கிடந்த தகர வாளியை எடுத்துத் தரையில் ஓங்கி ஒரு அறை அறைந்தான். குட்டிகள் கீச்சிட்டுத் தாயின் வயிற்றடிக்குள் ஓடின. மச்சானும் ஒரு அடி பின்னால் போனான், பாவம். ஒரு கறுப்புக் குட்டி மட்டும் ஓடவில்லை. தலையைச் சாய்த்து வாளியைப் பார்த்தது. அப்புறம் தள்ளாடி வந்து அவன் பூட்ஸை முகர்ந்து, நாடாவைப் பல்லால் பிடித்து இழுத்தது.

கட்டர் வேறு குட்டியைப் பார்க்கவே இல்லை. குட்டியைத் தூக்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

"தம்பி, நில்லுங்க! அந்தக் குட்டியைப் பத்தி ஒண்ணு சொல்லணும்" என்று சலவைக்கடை அம்மா கூப்பிட்டாள்.

யார் நின்றார்கள்? எதையும் முழுசாகக் கேட்கிற வழக்கம் அவனுக்குப் பிறவியிலேயே கிடையாது. அவன் தெருவைத் தாண்டியாயிற்று. அவள் சொல்ல வந்ததை மச்சானிடம் சொன்னாள். இன்னொரு கறுப்புக் குட்டியைத் தூக்கி, காதுக்குப் பின்னால் முடியை விரலால் பிரித்துக் காட்டினாள். வேரில் சாம்பல் இழை ஓடியது. "மூஞ்சி, காதுக்குப் பின்னாடி, கால் விரலுக்கு நடுவுல, இங்கதான் பாக்கணும். அப்பன் சாயல் விழுந்த குட்டிங்க. பொறக்கும்போது கரியாத்தான் இருக்கும், ஒரு வருஷத்துல வெளுத்துடும். அவரு கொண்டுபோனதும் இதே ரகம். இந்த மண்ணு நிறம் இருக்கு பாரு, இது அம்மா மாதிரி. அவளும் இப்படித்தான் சேறு பூசின மாதிரிப் பொறந்தா. வளர வளரக் கருத்துடும்."

மச்சான் அந்த மண் நிறத்தைத் தூக்கிக்கொண்டான். மண்ணாங்கட்டி என்று பேரும் வைத்தான். வழியெல்லாம், மாமாவிடம் இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே வந்தான். அக்காவிடம் சொன்னான். அவள், "இப்ப வேணாம்டா தம்பி. எவ்வளவு சந்தோஷமா இருக்கார் பாரு. நல்ல நேரமாப் பாத்து நானே சொல்றேன்" என்றாள். கட்டருக்குப் பிடிக்காத சேதியைக் கட்டரிடம் சொல்கிற நல்ல நேரம் இந்த உலகத்தில் எப்போது வந்திருக்கிறது?

அவன் தன் குட்டிக்குத் தார் என்று பெயர் வைத்தான். யார்டுக்கே கூட்டிக்கொண்டு போனான். பக்கத்தில் பொறி பறந்தாலும், இரும்புத் தகடு தடாலென்று விழுந்தாலும் அது அசையாது. வீட்டில் ஒருநாள் உப்பு அதிகம் என்று தட்டை வீசினான். தார் ஓடிப்போய்த் தட்டை நக்கிச் சுத்தம் செய்துவிட்டு, இன்னும் ஏதாவது வீசுவானா என்று எதிரே உட்கார்ந்து வாலை ஆட்டியது. பெண்டாட்டி சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள். அவனும் சிரித்தான். அந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது கல்யாணமான புதிதில்கூட நடந்திருக்குமா என்பது சந்தேகம்.

கொஞ்ச மாதத்தில் தாரின் தாடையில் சாம்பல் இழைகள் தெரிந்தன. யார்டுத் தூசி என்று அவன் சோப்புப் போட்டுத் தேய்த்தான். போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தான். கிரேன் ஓட்டுகிறவன் ஒரு வாயாடி. மேலேயிருந்து குனிந்து, "என்ன கட்டர், உன் நாய்க்கு உனக்கு முன்னாடி நரைக்குது! வீட்டுல ரொம்பக் கவலையோ?" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்திருக்க வேண்டாம். கட்டர் ஏணியில் ஏறி, அவன் காலைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டான். கையில் இருந்த ஸ்பேனரால் தாடையில் அடித்தான். எலும்பு உடைந்த சத்தம் கேட்டும் நிறுத்தவில்லை. இரண்டாவது அடிக்குப் பற்கள் இரும்புத் தூளில் சிதறின. நாலு பேர் சேர்ந்து இழுத்துத்தான் அவனைப் பிரித்தார்கள். அந்த நாலு பேரில் ஒருத்தனுக்கு விலா போனது. போலீஸ் வந்தது, கேஸ் ஆனது, தீர்ப்பும் ஆனது. கட்டர் உள்ளே போனான்.

பெண்டாட்டி வீட்டைப் பூட்டிக்கொண்டு நாயோடு தம்பியின் பேக்கரி மாடிக்குப் போனாள். மாதம் ஒருமுறை சிறைக்குப் போய்க் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்பாள்.

"தார் எப்படி இருக்கு?" அவன் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

"நல்லா இருக்குங்க."

"என்னைத் தேடுதா?"

"தேடுதுங்க."

நிறத்தைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. சொன்ன ஒருத்தன், அந்தக் கிரேன்காரன், உடைந்த தாடையோடு கஞ்சியைக் குழாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தான். யாருக்கு வாய் வரும்?

தண்டனை முடிந்து வெளியே வந்த அன்று, குளிக்கக்கூட இல்லாமல் நேராகப் பேக்கரிக்கு வந்தான். பின்கட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மேசையில் மாவு உருண்டைகள் வரிசையாகப் பொங்கிக்கொண்டிருந்தன. வாசலில் அவன் நிழல் விழுந்ததும், சாம்பல் நிறத்தில் ஒரு சடைநாய் பாய்ந்து வந்து அவன் மேல் முன்னங்காலைத் தூக்கிப் போட்டு, முகத்தை நக்கி, ஊளையும் அழுகையுமாக ஒரு ஆர்ப்பாட்டம் செய்தது. அவன் அதைத் தள்ளிவிட்டான்.

"தார் எங்க?"

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க? அதானே உங்க மேல விழுந்து புரளுது" என்றாள் பெண்டாட்டி.

"இந்தச் சாம்பலா தார்?"

அடுப்புக்குப் பக்கத்தில் இன்னொரு நாய் எழுந்து நின்றது. கருகருவென்று மின்னுகிற முதுகு. அவனைப் பார்த்துப் பல்லைக் காட்டி உறுமியது.

அவ்வளவுதான், அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதாவது, விளங்கிவிட்டதாக நினைத்தான். கறுப்பு, பயமில்லாத நாய், தன்னையே எதிர்த்து நிற்கிற நாய். வேறு எது தன்னுடையதாக இருக்க முடியும்? வாலாட்டுகிறது என்று பார்த்தால், ரொட்டி போட்டு வளர்த்த நாய் யாரைப் பார்த்தாலும்தான் வாலாட்டும். நக்கியதைத் தள்ளிவிட்டு உறுமியதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும் புத்தி அவனைத் தவிர வேறு யாருக்கு வரும்!

"மாத்திட்டியாடா?" என்றான் மச்சானைப் பார்த்து. குரல் தணிவாகத்தான் இருந்தது. அவனைத் தெரிந்தவர்கள் அந்தத் தணிவைக் கேட்டால்தான் ஓடி ஒளிவார்கள்.

"ஐயோ மாமா! அது மண்ணாங்கட்டி மாமா. வளர வளரக் கருத்துடுச்சு. தார் வெளுத்துடுச்சு. சலவைக்கடை அம்மா அன்னிக்கே சொன்னாங்க..."

"அன்னிக்கே சொன்னாளா? அப்ப என்கிட்ட ஏன் சொல்லல?"

மச்சான் அக்காவைப் பார்த்தான். அக்கா தரையைப் பார்த்தாள். அந்த மௌனத்தைச் சாட்சியாக எடுத்துக்கொண்டான் கட்டர்.

"அக்காளும் தம்பியும் பேசி வச்சுக்கிட்டீங்களா? நான் உள்ள கெடக்க, என் நாயை..."

"சொன்னா நீங்க அடிப்பீங்க. அந்த பயத்துலதான் சொல்லல. வேற என்ன?" என்றாள் அவள். வாழ்க்கையில் முதல்முறையாக அவனிடம் அதை வாய்விட்டுச் சொன்னாள்.

அது அவன் காதில் ஏறியதா என்பது தெரியாது. மச்சானின் வலது கையைப் பிடித்து முறுக்கி, மாவுத் தொட்டியின் இரும்பு விளிம்பில் வைத்து, முழங்கையால் ஒரே இடி இடித்தான். மணிக்கட்டு மடங்கக் கூடாத பக்கம் மடங்கியது. மச்சான் அலறியபடி மாவுக்குள்ளேயே முகம் குப்புற விழுந்தான்.

கறுப்பு நாய் தன் எஜமானுக்காகப் பாய்ந்தது. கட்டரின் முன்கையைக் கவ்வித் தசையைக் கிழித்தது. அதைப் பார்த்துச் சாம்பல் நாய் தன் எஜமானுக்காகப் பாய்ந்தது. கறுப்பின் கழுத்தைப் பிடித்து இழுத்து அவனை விடுவித்தது. இரண்டும் மேசைக்கடியில் உருண்டன. மாவு புகையாக எழும்பியது, ரத்தம் மாவில் விழுந்து கட்டி கட்டியாகச் சேர்ந்தது. கட்டரைக் காப்பாற்ற ஒரு நாய், கட்டரிடமிருந்து மச்சானைக் காப்பாற்ற இன்னொரு நாய். கண்ணிருந்தால் அந்த இடத்திலேயே தெரிந்திருக்கும் யார் யாருடையது என்று.

கட்டருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: தன் தாரை ஒரு சாம்பல் நாய் கடித்துக் குதறுகிறது. அடுப்புக் கிளறுகிற இரும்புக் கம்பியை உருவினான். சாம்பலின் முதுகில் ஓங்கி இறக்கினான். அது கறுப்பை விட்டுவிட்டுத் திரும்பி அவனைப் பார்த்தது. கழுத்தில் ஒன்று. அது ஓடவில்லை. ஏதோ தவறு நடந்துவிட்டது, இப்போது சரியாகிவிடும் என்று நினைத்ததோ என்னவோ, அவன் பக்கமே ஒரு அடி வந்தது. நெற்றியில் ஒன்று. பின்தொடையில் ஒன்று. தொடையில் விழுந்தபோது எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அதனால் வர முடியவில்லை.

"விடுங்க! உங்க நாய்ங்க அது! உங்க நாய்!" என்று பெண்டாட்டி கம்பியைப் பிடித்துத் தொங்கினாள். அவன் உதறினான். அவள் போய் அடுப்புச் சுவரில் மோதி விழுந்தாள். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. அவள்மேல் கை வைத்ததில்லை என்கிற பெருமை அந்த உதறலோடு தீர்ந்தது. அவன் கம்பியைக் கீழே போட்டான்.

அவள் எழுந்து, காலி மாவுச் சாக்கை விரித்து, சாம்பல் நாயை அதில் உருட்டி, மார்போடு தூக்கிக்கொண்டாள். தம்பியை மறு கையால் எழுப்பினாள். கட்டரைத் தாண்டிப் போகும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கறுப்பு நாயை அவன் சங்கிலியோடு தரதரவென்று இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். முதல் நாள் அது தண்ணீர்கூடத் தொடவில்லை. கிட்டே போகும்போதெல்லாம் கடித்தது. பல்லைக் காட்டுகிற தைரியத்தை அவன் கொஞ்ச நாள் மெச்சிக்கொண்டிருந்தான். ஒரு காலையில் பார்த்தால் சங்கிலி அறுந்து கிடந்தது, நாய் பேக்கரிக்கே போய்விட்டது. மச்சான் ஆஸ்பத்திரியில், "மாவு மெஷின்ல கை மாட்டிக்கிச்சு" என்று சொல்லியிருந்தான், அக்காவுக்காக. அதனால் போலீஸ் வரவில்லை. யாருமே வரவில்லை. நாய்க்கடி ஊசி போடுகிற நர்ஸ் மட்டும்தான் அவனிடம் பேசினாள், "கையைக் காட்டுங்க" என்று.

வீடு காலி. இரவும் பகலும் ஒரே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தான்: எல்லோரும் சேர்ந்து ஏமாற்றிவிட்டார்கள். தன்மேல் தப்பில்லை என்று நிரூபித்துவிட்டால் பெண்டாட்டி வந்துவிடுவாள் என்று நினைத்தான். குட்டியிலிருந்து பார்த்தவள் சலவைக்கடை அம்மாதான், அவள் வாயாலேயே உண்மையைக் கக்க வைக்கிறேன் என்று, முன்கைக் காயம் ஆறி வடுவான பிறகு ஒருநாள் மத்தியானம் கிளம்பிப் போனான்.

அவள் விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"அங்கயே நில்லு. கையை ஓங்கினா இந்தப் பெட்டி உன் மூஞ்சியில இருக்கும். என்ன வேணும்?"

"எது என் நாய்னு நீயே சொல்லு. பொய் சொன்னா..."

"சொல்ல வேண்டாம். உள்ள இருக்கு, நீயே பாத்துக்க. உன் பொண்டாட்டி வேலைக்குப் போகணும், அதனால நான்தான் வச்சுப் பாக்கறேன்."

அவள் பின்கதவைத் திறந்தாள். நீராவிக் குழாய்ச் சுவரோரம் சாம்பல் நாய் படுத்திருந்தது. பின்னங்கால் ஒன்று வளைந்து ஒட்டியிருந்தது. தையல் போட்ட இடங்களில் புதுமுடி வந்திருந்தது. அந்த முடி சாம்பல் இல்லை. கரி. முதுகில் குறுக்காக ஒரு கறுப்புப் பட்டை, கம்பியின் அகலம் அப்படியே. கழுத்தில் ஒன்று. நெற்றியில், கண்ணுக்கு மேலே ஒன்று. தொடையில் ஒன்று. அவன் அடித்த இடமெல்லாம் கறுப்பு, அடிக்காத இடமெல்லாம் சாம்பல்.

"சாயம் பூசினியா?" என்றான். அவனுக்கே அந்தக் குரல் நம்பும்படியாக இல்லை.

"ஆமா, எனக்கு வேற வேலை இல்ல. வெளுக்கிற ஜாதி நாய்க்கு அடிபட்டா, அந்த இடத்துல முடி மறுபடி மொதல்லேர்ந்து மொளைக்கும். பொறந்தப்ப என்ன நிறமோ அதே நிறம். இது மண்ணு நிறமாப் பொறந்த குட்டியா இருந்தா மண்ணாத்தானே வரணும்? இதோட அப்பனுக்கும் இப்படித்தான், வண்டி இடிச்ச இடத்துல." அவள் மூச்சு வாங்கினாள். கோபத்தோடு முதுகுப் பட்டையைக் காட்டினாள். "இந்தா, நல்லாப் பாத்துக்க. நீ கேட்ட கறுப்பு. கொஞ்ச நாள்ல இதுவும் வெளுத்துடும்."

கட்டர் அந்தக் கறுப்பு இடங்களை எண்ணினான். நாலு அடியும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஒவ்வொரு அடிக்கும் பிறகு அது திரும்பிப் பார்த்த பார்வையும் வந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டான். மனசு வெடித்து அழுதான். பெரிய ஆள் அழுவது பார்க்கச் சகிக்காது, சலவைக்கடை அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தார்" என்று கூப்பிட்டான். "டேய் தார். வாடா."

காது அசைந்தது. குரல் அதற்குத் தெரிந்துவிட்டது. எழுந்தது, எழுந்த உடனே மறுபடி வயிற்றைத் தரையோடு அழுத்திக்கொண்டது. வாலைக் கால் நடுவே சுருட்டி, கண்ணை மேலே தூக்காமல், உடம்பெல்லாம் உதற, தரையைத் தேய்த்துக்கொண்டு தவழ்ந்து வந்தது. வந்த வழியெல்லாம் ஈரக்கோடு. பயத்தில் மூத்திரம் போய்க்கொண்டே இருந்தது. அப்படியும் வந்தது. கூப்பிட்டவன் அவன் அல்லவா?

அவன் கையை நீட்டவில்லை. நீட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்துவிட்டது. இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

சலவைக்கடை அம்மா பழைய துணியும் வாளியுமாக வந்தாள். நாய்க்கும் அவனுக்கும் நடுவில் குனிந்து தரையைத் துடைத்தாள். துடைத்த இடம் மறுபடி நனைந்தது.

"எழுந்து போ" என்றாள், இந்த முறை கோபமில்லாமல். "நீ இங்க இருக்கிற வரைக்கும் அதுக்கு நிக்காது."